கருவைக் காட்டை மணல் மேடாக எண்ணிய பிளாக் மாடல்: சாயல்குடிக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

தாது மணல் படிவு ஒன்றுக்காக ஓர் அலுவலகம் செய்து முடித்திருந்த பிளாக் மாடலை, அதாவது படிவைச் சிறு கட்டங்களாகப் பிரித்து அதன் அளவையும் தாதுத் தரத்தையும் கணக்கிடும் கணினி மாதிரியை, சரிபார்க்கும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. படிவு சாயல்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பனைகள் நிற்கும் பழைய மணல் வரப்புகளில் இருந்தது. கடற்கரைத் தாது மணல் அணுக் கனிமங்களின் பட்டியலில் வருவதால் அதை எடுக்கும் உரிமை இப்போது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. இந்த ஆய்வும் அத்தகைய ஒரு நிறுவனத்துக்காகவே நடந்தது. மாடலைச் செய்தது அந்நிறுவனம் ஒப்பந்தத்தில் அமர்த்திய வேறோர் அலுவலகம். பெயர்களையும் படிவின் எல்லையையும் விட்டுவிட்டு, அளவுகளை முழு எண்ணாக்கி, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த மணலைத் தோண்டலாமா கூடாதா என்பது கரையோர ஊர்களின் குடிநீரையும் மீன்பிடியையும் முன்வைத்துப் பேச வேண்டிய தனி விவகாரம். இங்கே பேசப்படுவது கணக்கு எங்கே பிசகியது என்பதுதான்.

மணலும் துளைகளும்

நரிப்பையூரிலிருந்து மண்டபம் வரையிலான தென்கரை மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்காகச் சாய்ந்து செல்கிறது. கடல் பின்வாங்கிய காலங்களில் விட்டுச்சென்ற மணல் வரப்புகள் அதே சாய்வில் கரைக்கு இணையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்க, அவற்றுக்கு இடையே உவர் படிந்த பள்ளங்கள் நீள்கின்றன. உள்நாட்டுச் சார்னோகைட், கார்னெட் நைஸ் பாறைகள் சிதைந்து ஆறுகளின் வழியே கடல் சேர்ந்த மணலை, முறத்தில் தானியத்தைப் புடைப்பது போல அலை புடைத்திருக்கிறது. சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி எண் 2.65, தாதுக்களான கார்னெட்டுக்கு ஏறத்தாழ 4, இல்மனைட்டுக்கு 4.7 அளவில். இலேசானது அடித்துக்கொண்டு போக, கனமானது வரப்பின் முகத்தில் கருஞ்சிவப்புப் படலங்களாகத் தங்கிவிடுகிறது. இதில் மாடல் செய்பவர் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. இப்படிவு கரையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும், குறுக்கே சில நூறு மீட்டரே அகலும், கனத்திலோ ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்குதான் இருக்கும். தரையில் விரித்த பாயைப் போன்ற படிவு அது.

கரைக்குச் செங்குத்தாக 200 மீட்டருக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் 50 மீட்டருக்கு ஒரு துளை என்று, கையால் திருகி இறக்கும் துளைக்கருவியான கை ஆகரால் துளையிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மீட்டர் மணலும் தனிப் பையில் கட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, கூறு பிரிக்கப்பட்டு, சேறு கழுவி நீக்கப்பட்டபின், 2.89 அடர்த்தியுள்ள புரோமோஃபார்ம் திரவத்தில் இடப்பட்டிருந்தது. மிதப்பது குவார்ட்ஸ், மூழ்குவது தாது. மூழ்கியதன் எடைதான் மொத்தக் கன தாதுவின் சதவீதம். ஆய்வகத் தாள்களில் எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை. எடுக்கப்படாத மாதிரிகளுக்குச் சுழியம் இடாமல் வெற்றாகவே விட்டிருந்தார்கள். எளிய காரியம்தான் என்றாலும், இதில் தவறிக் கவிழ்ந்த மாடல்களைப் பார்த்திருப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

பாத்தி கட்டுவது

வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குப் பிளாக் மாடலை விளக்குவது கடினமன்று. நிலம் முழுவதையும் ஒரே அளவுப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதில் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்று பதிவேட்டில் எழுதுவதைப் போன்றது அது. ஒரே வேறுபாடு, இங்கே பாத்திகள் மண்ணுக்குள்ளும் அடுக்கடுக்காக இறங்குகின்றன. ஒவ்வொரு பிளாக்குக்கும் நடுப்புள்ளியின் மூன்று ஆயங்கள், தாதுச் சதவீதம், சேற்றுச் சதவீதம், அடர்த்தி, அது மணலா களிமண்ணா என்ற குறி ஆகியவை பண்புகளாக ஏற்றப்படுகின்றன. மேலே தரைமட்டப் பரப்பும் கீழே படிவின் அடிப்பரப்பும் வேலிகளாக நிற்க, அவற்றுக்கு நடுவே மையப்புள்ளி விழும் பிளாக்குகள் கணக்கில் சேரும், மற்றவை சேராது. வேலியோரத்தில் பெரிய பிளாக்குகள் கரடுமுரடாக வெட்டுப்படாமல் இருக்க, மென்பொருள் அவற்றைப் பாதியாகவும் காலாகவும் உடைத்துச் சப்-பிளாக் ஆக்கும்.

நான் பெற்ற மாடல் சர்பேக் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. டேட்டாமைன், வல்கன், மைக்ரோமைன் எதில் செய்திருந்தாலும் கதை இதுவேதான். பிளாக்கின் அளவு கரையோரமாக 100 மீட்டர், குறுக்கே 25 மீட்டர், உயரம் 1 மீட்டர். துளை இடைவெளியில் பாதியளவு என்ற நடைமுறை விதியின்படியே இது அமைந்திருந்தது. மாடலையும் கரையின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி வைத்திருந்தார்கள். வடக்கு-தெற்காகவே மாடலை நிறுத்திவிட்டு, சாய்ந்த வரப்பைப் படிக்கட்டாக நறுக்கும் வழக்கமான பிழை இங்கே இல்லை. செய்தவர் தொழில் தெரிந்தவர் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. அதனாலேயே பிழையைக் கண்டுபிடிக்க நாளாயிற்று.

ஏழில் ஒரு பங்கு

நான் எப்போதும் முதலில் செய்வது காகிதக் கணக்கு. படிவின் பரப்பை எல்லாத் துளைகளின் சராசரி மணல் கனத்தால் பெருக்கினேன். சராசரிக் கனம் ஏறத்தாழ 4 மீட்டர். மாடல் சொன்ன கன அளவு இதைவிட ஏழில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. தாதுச் சதவீதமோ மாடலிலும் துளைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தரம் சரி, அளவு மட்டும் மிகை.

அந்த இடத்திலேயே நான் தரைமட்டப் பரப்பைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாடல் தவறென்றால், மாதிரிகளிலிருந்து பிளாக்கின் தரத்தை மதிப்பிடும் கிரிகிங் என்ற கணக்கில்தான் தவறிருக்கும் என்ற பழக்கத்தின்படி அதையே பிடித்துக்கொண்டேன். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951-இல் முன்வைத்த மதிப்பீட்டு முறையை, பிரான்சின் ஜார்ஜ் மாத்தெரோன் பின்னர் கணிதக் கோட்பாடாக வளர்த்து, கிரிக்கின் பெயரையே அதற்கு இட்டார். அருகிலுள்ள மாதிரிக்கு அதிக எடை, தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடை. எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு வரை ஒரு மாதிரியின் சொல் செல்லும் என்பதை வேரியோகிராம் சொல்லும். இங்கே அது கரையோரமாக நீண்டும் குறுக்கே குறுகியும், செங்குத்தாக மிகக் குறுகியும் வந்தது. வரப்பு எப்படி உருவாயிற்றோ அப்படியே. தேடல் வட்டத்தை மாற்றினேன், குறைந்தபட்சத் துளைகளின் எண்ணிக்கையை மாற்றினேன், அடுத்துள்ள துளையின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் எளிய முறையோடு ஒப்பிட்டேன். தரம் பின்னத்தில் அசைந்தது. அளவு அசையவே இல்லை. அசையாது என்பதை முதலிலேயே உணர்ந்திருக்க வேண்டும். கிரிகிங் பிளாக்குக்குள் என்ன இருக்கிறது என்று மதிப்பிடுகிறதே தவிர, எத்தனை பிளாக்குகள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதில்லை. மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

துளை வாயும் தரையும்

பிறகுதான் ஒவ்வொரு துளை வாயின் மட்டத்திலிருந்தும் அதே இடத்தில் மாடலின் தரைமட்டப் பரப்பு காட்டும் உயரத்தைக் கழித்து, விடையை வரைபடத்தில் வண்ணப் புள்ளிகளாக இட்டேன். துளை வாய்களை, செயற்கைக்கோள் வழியே இடத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியால் அளந்திருந்தார்கள். தரைமட்டமோ டிரோன் எடுத்த படங்களிலிருந்து கட்டப்பட்டது.

முதல் சந்தேகம் உயர அடிப்படையின் மீது விழுந்தது. செயற்கைக்கோள் கருவி தரும் உயரம் கணித நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. நாம் பேசும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. புவியீர்ப்பு குறைந்து கடல் மட்டம் நீள்கோளத்துக்குக் கீழே தாழும் இடங்களில் உலகிலேயே மிக ஆழமானது, ஏறத்தாழ 106 மீட்டர், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருப்பதால், இந்தக் கரையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 90 மீட்டருக்கும் மேல் போகும். கடற்கரையில் நின்றுகொண்டு கருவியைப் பார்த்தால் கடலுக்கடியில் நிற்பதாக அது சொல்லும். ஆனால் அந்தத் திருத்தம் ஒழுங்காகவே செய்யப்பட்டிருந்தது. வெட்டவெளித் துளைகளில் வாயும் பரப்பும் ஒரு சாண் அளவுக்குள் பொருந்தின. பொருந்தாத துளைகள் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருந்தன. அந்தத் திட்டுகளில் எல்லாம் தரைமட்டம் துளை வாய்க்கு மேலே ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் மிதந்தது. திட்டுகளின் விளிம்புகள் வளைந்து நெளிந்திருந்தன; மணல் வரப்பின் வடிவில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில், துளையிட்ட குழுவில் வேலை பார்த்த சாயல்குடிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் திட்டுகளில் பெரியதொன்றுக்குப் போனேன். மடிக்கணினியில் இருந்த உயரப் படத்தைக் காட்டி, "அண்ணே, இந்த மேட்டுல எந்த வழியா ஏறுவது?" என்று கேட்டேன். அவர் படத்தையும் எதிரே இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடா? அது மேடு இல்ல சார், கருவைக் காடு. மண்ணு தட்டையாத்தான் கெடக்கு. உள்ள துளை போட நாங்க முள்ள வெட்டி வழி எடுத்தோம், மறந்துட்டீங்களா?" என்றார். நான் மறக்கவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது. துளைப் பதிவேட்டில் முள் வெட்டியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உள்ளே குனிந்து நுழைந்தபோது துளைக்கு அடையாளமாக நட்ட பனைமட்டை இன்னும் நின்றது. அதன் தலைக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் சீமைக்கருவேலத்தின் இலைக்கூரை இடைவெளியின்றி மூடியிருந்தது. டிரோனின் கேமரா கண்டது அந்தக் கூரையைத்தான்.

மரங்களை நீக்கித் தரையை மட்டும் விட்டுவைக்கும் வடிகட்டியை அந்த அலுவலகம் பயன்படுத்தாமல் இல்லை. தனித்து நிற்கும் பனையை அந்த வடிகட்டி எளிதில் பிடித்துவிட்டது. தட்டையான தரையிலிருந்து திடீரென எழுந்து நிற்பதை அது மரமென்று கண்டுகொள்கிறது. கருவை அப்படியன்று. அது ஏக்கர் கணக்கில் ஒரே உயரத்தில் அடர்ந்து, ஓரத்தில் சரிந்து இறங்குவதால், வடிகட்டிக்கு அது சின்ன மணல் குன்றாகவே தோன்றியிருக்கிறது. கேமராவின் பார்வை இலைகளுக்குள் புகாததால், அடியில் தரை வேறு இருக்கிறது என்று சொல்ல ஒரு புள்ளிகூட அதனிடம் இல்லை. பனைகள் எல்லாம் ஒழுங்காக நீங்கியிருந்ததைப் பார்த்தே, வடிகட்டி வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

பிழை பரப்போடு நிற்கவில்லை. துளை வாய்க்கு மேலே மிதந்த வெற்று இடத்தில் மென்பொருள் பிளாக்குகளை அடுக்கியது. அங்கே மாதிரி எதுவும் இல்லாததால், கீழே இருந்த முதல் மீட்டர் மாதிரியின் சதவீதத்தையே மேல்நோக்கி நீட்டிக்கொண்டது. முதல் மீட்டரின் தரம் படிவின் சராசரியை ஒட்டியே இருந்ததால், இல்லாத மணல் எவ்வளவு சேர்ந்தாலும் சராசரி மாறவில்லை. தரம் பொருந்துகிறது என்று நான் நிம்மதியடைந்ததற்கும், அளவு மிகுந்ததற்கும் காரணம் இந்த ஒன்றே.

அந்த மிகையைப் படிவு முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ அரை மீட்டர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேரில் தரைமட்டம் அரை மீட்டர் உயர்ந்தால் 5,000 கனமீட்டர் மணல் புதிதாக முளைக்கும். கனமீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 8,000 டன். அதில் 10 சதவீதம் தாது என்றால் 800 டன் தாது, ஒரு ஹெக்டேருக்கு மட்டும். அறுபது மீட்டர் கனமுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அரை மீட்டர் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அங்கே பழகியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்தவும் தேவையில்லை. 4 மீட்டர் கனமுள்ள பாயிலோ அதே அரை மீட்டர் எட்டில் ஒரு பங்கு.

அடிப்பரப்பு என்ற பெயரில் பருவமழை

மேலே கிடைத்த பாடத்தோடு கீழே பார்த்தபோது அடுத்த விபரீதம் தெரிந்தது. கரையோரமாக வெட்டிய நீள்வெட்டுப் படத்தில் படிவின் அடி, சில வரிசைகளுக்கு ஆழமாகவும் அடுத்த சில வரிசைகளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் மேடாகவும், மறுபடி ஆழமாகவும் படிபோலப் போயிற்று. கடல் இட்ட மணலுக்கு அப்படியொரு அடி இருப்பது விசித்திரம். வரிசைகளுக்கு நேரே துளையிட்ட தேதிகளை எழுதிப் பார்த்தேன். மேடாக இருந்தவை எல்லாம் மார்கழி, தை மாதங்களில் போடப்பட்டவை. ஆழமாக இருந்தவை சித்திரை, வைகாசியில் போடப்பட்டவை.

கை ஆகர் நிலத்தடி நீரைத் தொட்டதும் நின்றுவிடும். ஈர மணல் ஒட்டிக்கொண்டு வரும். நீரில் ஊறிய மணலோ துளைக்குள் சரிந்து வழிந்துவிடும். குழு அங்கேயே துளையை முடித்து, அந்த ஆழத்தைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. மாடல் செய்தவர் துளைகளின் முடிவுப் புள்ளிகளை இணைத்துப் படிவின் அடிப்பரப்பாக ஆக்கிவிட்டார். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் இந்த மணலில் நீர் ஏறி நிற்கும்; கோடையில் இறங்கும். கரையோர ஊர்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் நீர் சேந்தும் பெண்கள் எவரைக் கேட்டாலும், தையில் எத்தனை முழம், வைகாசியில் எத்தனை முழம் என்று சொல்லிவிடுவார்கள். மாடலின் அடிப்பரப்பு, படிவின் அடியையன்று, துளையிட்ட மாதங்களின் நீர்மட்டத்தைத்தான் வரைந்திருந்தது.

துளையின் முடிவும் படிவின் முடிவும் ஒன்றல்ல என்பதைப் பதிவேட்டில் பிரித்துக் காட்ட ஒரே ஒரு பத்தி போதும்: 'எதனால் நின்றது' என்ற பத்தி. நீர், களிமண், சுக்கான் பாறை, கருவி பழுது என்று நான்கு சொற்களில் ஒன்றை எழுதினால் முடிந்தது. அந்தப் பத்தி இந்தப் பதிவேட்டில் இல்லை.

மறுகட்டுமானம்

தரைமட்டத்தை மீட்க லேசர் அளவை எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பணம் இல்லை என்று அது நின்றது. டிரோன் படத்தின் மீது கருவைத் திட்டுகளின் எல்லைகளைக் கையால் வரைந்து, அவற்றுக்குள் இருந்த டிரோன் புள்ளிகளை எல்லாம் அழித்தோம். துளை வாய்களோடு, ஏற்கனவே முள் வெட்டிய வழிகளில் நடந்து அளந்த புள்ளிகளையும் சேர்த்து, பரப்பை மறுபடி முக்கோணங்களால் பின்னினோம். மணலின் இயல்பான வளைவு அப்போதுதான் தெரிந்தது.

அடிப்பரப்புக்காக, தேர்ந்தெடுத்த பழைய துளைகளுக்குப் பக்கத்தில் பாங்கா முறையில் இரட்டைத் துளைகள் போடப்பட்டன. இரும்புக் குழாயைச் சுழற்றி இறக்கிக்கொண்டே, அதற்குள்ளிருந்து மணலை அள்ளும் பழைய முறை இது. குழாய் சுவராக நிற்பதால் நீருக்குக் கீழும் மணல் சரியாது. பெரும்பாலான இடங்களில் நீர்மட்டத்துக்குக் கீழும் மணல் தொடர்ந்து, கிளிஞ்சல் கலந்த சாம்பல் நிறக் களிமண்ணில் முடிந்தது. சில இடங்களில் சுக்கானில் முட்டி நின்றது. பழைய துளையும் புதிய துளையும் பொதுவான ஆழம் வரை தரத்தில் ஒத்துப்போயின. ஆகையால் பழைய மாதிரிகளைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை.

பிளாக்கின் உயரத்திலும் ஒரு மாற்றம் செய்தேன். தாதுப் படலங்கள் வரப்பின் வளைவோடு வளைந்து செல்பவை. மட்டமாக வெட்டிய 1 மீட்டர் அடுக்குகள் அவற்றைக் குறுக்கே நறுக்கி, செறிவான மணலையும் வெறும் மணலையும் ஒரே பிளாக்கில் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியின் உயரத்தையும் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடாமல் தரையிலிருந்து ஆழமாக மாற்றி, படிவைத் தட்டையாக்கி, அந்த நிலையில் கிரிகிங் செய்து, விடையை மீண்டும் உண்மையான உயரத்துக்குக் கொண்டுவந்தேன். சரியான தரைமட்டம் இல்லாமல் இதைச் செய்திருந்தால் கருவைக் காட்டின் வளைவையே மணலின் வளைவாக எண்ணிப் பிழையை இரட்டிப்பாக்கியிருப்பேன். நீர்மட்டத்துக்கு மேல், கீழ் என்ற புதிய பண்பும், குடியிருப்பு, ஊற்று, பனந்தோப்பு ஆகியவற்றைச் சுற்றிய விலக்கு எல்லைக்கான பண்பும் சேர்க்கப்பட்டன. அடர்த்தியை உருளைக் குழாயால் அளந்து உலர் எடையிலேயே வைத்தோம். தாதுச் சதவீதம் உலர் மணலில் அளக்கப்பட்டதால் ஈர எடையைக் கலக்க இடமில்லை.

மொத்தம் மாறவில்லை

புதிய மாடலின் மொத்த மணல் அளவு பழைய மாடலின் அளவுக்கு மிக அருகிலேயே வந்து நின்றது. கருவைத் திட்டுகளில் மேலே கழிந்ததும், நீருக்குக் கீழே கூடியதும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன. பழைய மாடலைச் செய்த அலுவலகம் இதைப் பிடித்துக்கொண்டது. அளவு அதேதான், தரமும் ஏறத்தாழ அதேதான், ஆகவே எங்கள் மாடல் சரியானது என்று எழுதி அனுப்பினார்கள். நிறுவனத்தின் கூட்டத்திலும் ஓர் அதிகாரி, "அப்போ சார், இவ்வளவு செலவு எதுக்கு?" என்று நேராகவே கேட்டார்.

நான் இரண்டு மாடல்களையும் ஒரே குறுக்குவெட்டில், ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் வைத்தேன். பழையதில் படிவின் பெரும்பகுதி நீருக்கு மேலே, உலர்ந்த மணலில், வெட்டியெடுக்கும் எந்திரம் நேராக அள்ளக்கூடிய இடத்தில் இருந்தது. புதியதில் கணிசமான பகுதி நீருக்குக் கீழே, சேறு மிகுந்த மணலில் இருந்தது; அதை எடுக்க மிதவை எந்திரமும் சேறு கழுவும் அமைப்பும் வேண்டும், ஊற்றுகளின் நன்னீரையும் தொட வேண்டும். முதல் சில ஆண்டுகளின் திட்டம் முழுவதும் கருவைத் திட்டுகளின் மேல் பகுதியில்தான் தொடங்கியிருந்தது. தோண்டப் போனால் அங்கே காற்றுதான் இருந்திருக்கும். ஒரே மொத்தத்தைக் கொண்ட இரண்டு மாடல்கள் இரண்டு வெவ்வேறு சுரங்கங்களைச் சொல்லின. அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திட்ட வரைவைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து அதற்குப் பின்னும் சில மாதம் நடந்தது. அவர்கள் தரைமட்டப் பிழையை ஒப்புக்கொண்டார்கள், அடிப்பரப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

மேற்கு முனையில் யாரும் உள்ளே நுழைய முடியாத ஒரு கருவைத் திட்டு மிஞ்சியது. அதற்குள் துளையும் இல்லை, நடந்து அளந்த புள்ளியும் இல்லை. அதன் கீழுள்ள பிளாக்குகளுக்குத் தரைமட்டத்தை இருபுறமும் உள்ள வெட்டவெளியிலிருந்து நேர்கோட்டில் இழுத்துவிட்டு, கணக்கு எவ்வளவு உறுதியானது என்று காட்டும் வளத்தின் வகையை ஒரு படி கீழே இறக்கினேன். 'தரைமட்டம் எப்படி அறியப்பட்டது' என்று நான் சேர்த்த பண்பில், டிஜிபிஎஸ் என்றால் 1, திறந்த இடத்து டிரோன் என்றால் 2, ஊகம் என்றால் 3 என்று வைத்திருந்தோம். முள் வெட்டும் ஒப்பந்தம் இன்னும் யாருக்கும் போகாததால் அந்தப் பிளாக்குகள் இன்றும் 3 என்றே நிற்கின்றன.